வழி சொன்னவர்களுக்கு

யாழ்ப்பாணக் குடாநாட்டிலும் தீவுகளிலும் பூநகரிக் கரையிலும் எனக்கு வழி சொன்ன எல்லாருக்கும் இந்த நன்றி மடல்.

உங்களில் அனேகம் பேரின் பெயர் எனக்குத் தெரியாது. சந்திக் கடைகளிலும் பஸ் தரிப்பிடங்களிலும் படலையடியிலும் நின்று பேசினோம். நீங்களும் என் பெயரைக் கேட்கவில்லை, "எவடம், ஆரின்ரை பிள்ளை?" என்றுதான் கேட்டீர்கள். இந்த நன்றியைத் தனித்தனியாக அனுப்ப என்னிடம் முகவரி இல்லை. அதனால் பொதுவில் எழுதுகிறேன். ஒருவர் வாசித்தாலும் மற்றவருக்குச் சொல்வீர்கள் என்பது எனக்குத் தெரியும்.

"பழங்கோயில் பாக்க வந்தனான்" என்று சொன்னதும் உங்களில் பலர் நல்லூருக்கும் செல்வச்சந்நிதிக்கும் மாவிட்டபுரத்துக்கும் எங்கே பஸ் ஏறுவது என்று காட்டினீர்கள். "அதுகள் இல்லை, இடிஞ்சு கிடக்கிறதுகள்" என்றேன். சுன்னாகத்தில் ஒரு ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "இஞ்சை எல்லாம் இடிஞ்சுதானே தம்பி கிடந்தது, நீ எந்த இடிவைக் கேக்கிறாய்?" என்றார். சரியான கேள்வி. கீரிமலை நகுலேஸ்வரத்தைப் போர்த்துக்கேயர் 17ஆம் நூற்றாண்டில் இடித்தார்கள். ஆறுமுக நாவலர் அதை மீண்டும் எழுப்ப வேண்டுமென்று ஊரைத் தட்டியெழுப்பினார்; 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் கோயில் எழுந்தது. 1990இல் அதன் மேல் விமானக் குண்டு விழுந்தது. போர் முடிந்த பிறகு 2012இல் குடமுழுக்கு நடந்தது. ஒரே கோயிலுக்கு இத்தனை இடிவும் இத்தனை எழுச்சியும் இருக்கும்போது, எந்த இடிவு எந்தக் காலத்தது என்று பிரித்துச் சொல்லவே ஊரறிந்த ஒருவர் பக்கத்தில் வேண்டும்.

பொலநறுவையில் சோழர் கட்டிய வானவன்மாதேவி ஈச்சரம் அடியிலிருந்து முடிவரை கல்லாகவே எழுந்து நிற்கிறது. போய் இறங்கினால் கண்ணுக்குத் தெரியும், ஆரையும் கேட்கத் தேவையில்லை. யாழ்ப்பாணத்தின் இடிபாடுகள் அப்படியானவை அல்ல. நிலத்தின் அடியில் சுண்ணாம்புக்கல், கரையோரத்தில் முருகைக்கல், இவைதான் இந்த மண்ணின் கல். கருங்கல் வேண்டுமென்றால் வெளியிலிருந்து வரவேண்டும். முருகைக்கல்லைச் சுண்ணாம்புச் சாந்து வைத்து அடுக்கி, மேலே சுதை பூசி எழுப்பியவை உயரமாகவும் இல்லை, அகலமாகவும் இல்லை. அவற்றிலும் பெரும்பகுதி 1619இல் நல்லூர் அரசு விழுந்த கையோடு போய்விட்டது. 1621இல் போர்த்துக்கேயத் தளபதி பிலிப் டி ஒலிவேரா நல்லூர்க் கந்தசுவாமி கோயிலை இடிப்பித்தான். இடித்த கல்லைப் போர்த்துக்கேயர் எறியவில்லை; கோட்டை கட்டினார்கள். ஆகவே யாழ்ப்பாணத்தில் ஒரு பழங்கோயிலின் கல்லை அது நின்ற இடத்தில் தேடினால் கிடைக்காது. வேறொன்றின் சுவருக்குள் இருக்கும். அல்லது ஒரு காணியின் பெயரில், ஒரு குளத்தின் பெயரில், வயதானவர் ஒருவரின் நினைவில் இருக்கும். பார்க்க வேண்டுமென்றால் வாய் திறந்து கேட்க வேண்டும்.

நான் கேட்க வேண்டி வந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. நான் பாரிஸில் ஒரு உணவகத்தின் குசினியில் வேலை செய்கிறேன். விமானச் சீட்டை எடுத்து, வீட்டாருக்கும் கொஞ்சம் வைத்துவிட்டு வந்தால் மிச்சம் அதிகம் இராது. வெளிநாட்டிலிருந்து வருகிறவன் வான் பிடித்து, ஒரே நாளில் கீரிமலை, நல்லூர், நயினாதீவு என்று சுற்றிப் படம் எடுத்துக்கொண்டு போவதுதான் வழமை. நான் பஸ்ஸில் போனேன், நடந்தேன், யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் நான் தங்கிய வீட்டுக்கார அம்மா தந்த சைக்கிளில் போனேன். மத்தியானச் சாப்பாட்டுக்குத் திருநெல்வேலி அம்மாச்சி உணவகம். அங்கே பெண்கள் கண்முன்னே சுட்டுத் தரும் தோசையும் குரக்கன் பிட்டும், கூடவே ஒரு நெல்லிச் சாறும் போதும். "வெளிநாட்டிலையிருந்து வந்து பஸ்ஸிலையோ?" என்று கேட்ட நடத்துநர் தம்பி, அடுத்த நாள் காலையில் என்னைக் கண்டதும் தானே கூப்பிட்டு முன் இருக்கையைக் காட்டினார். வானில் போயிருந்தால் அந்த முகத்தை நான் அறிந்திருக்கமாட்டேன். வானில் போகிறவருக்குச் சாரதி வழி தெரிந்தவர். கேட்பதற்கு ஒன்றும் மிஞ்சுவதில்லை.

கந்தரோடையிலிருந்து தொடங்குகிறேன்.

சுன்னாகத்தில் இறங்கி மேற்கே நடந்தேன். வெங்காயத் தறையும் வாழையும் மாறி மாறி வந்தன. செம்மண் காலில் ஒட்டியது. சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்த அக்கா, நான் ஒவ்வொரு ஒழுங்கை வாசலிலும் நின்று பார்ப்பதைக் கண்டு நின்றார். இடத்தைச் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். வெயிலுக்குள் என்னோடு திரும்பி நடந்து வந்தார். சின்ன வயதில் மழை விட்டதும் தறைக்குள் ஓடி மணி பொறுக்குவோம் என்றார். சிவப்பு மணி, நீல மணி. அவருக்கு அது விளையாட்டு. 1917ஆம் ஆண்டளவில், யாழ்ப்பாணத்தில் நீதிபதியாக இருந்த போல் பீரிஸ் இதே மண்ணில் நடந்து, உரோம நாணயங்களையும் முத்திரை குத்திய பழைய இந்தியக் காசுகளையும் கண்ணுக்கு மை தீட்டும் செப்புக் குச்சிகளையும் சேகரித்தார். றோயல் ஏசியாற்றிக் கழகத்தின் சஞ்சிகையில் அவர் எழுதிய பிறகுதான் கந்தரோடையின் பெயரை வெளியுலகம் அறிந்தது. 1970இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகக் குழு அங்கே அகழ்ந்தபோது, கறுப்பு-சிவப்பு மட்பாண்டங்களின் காலத்திலிருந்தே மக்கள் அங்கே இடைவிடாது வாழ்ந்திருக்கிறார்கள் என்பது தெரிய வந்தது. பக்கத்தில் வழுக்கையாறு, மழைக்காலத்தில் மட்டும் ஓடும் ஆறு அது. அதன் கரையில் கிறிஸ்து பிறப்பதற்கு முன்பே கடல் கடந்து வணிகம் செய்த ஒரு ஊர்.

வேலிக்குள் இருபதுக்கும் மேற்பட்ட சிறு தூபிகள் நெருங்கி நெருங்கி நிற்கின்றன. பல, ஆள் உயரம்கூட இல்லை. அடித்தளங்கள் பழையவை, மேலே உள்ள அரைக்கோளங்களில் பலவற்றைப் பின்னாளில் சீரமைத்திருக்கிறார்கள். நச்சுக் காளான் உண்டு இறந்த அறுபது பிக்குகளின் சமாதிகள் இவை என்று ஒரு கதையும் உண்டு. அக்கா வேலிக்கு வெளியிலேயே நின்றார். "இப்ப உள்ளுக்கை வர ஒரு மாதிரிக் கிடக்கு. முந்தி எங்கடை இடம் மாதிரித் திரிஞ்சனாங்கள்" என்றார்.

அந்தக் கூச்சம் எனக்கு விளங்கியது. விகாரை என்று பலகை நாட்டினால் அடுத்ததாகக் காணி போகும் என்ற பயம் வடக்கில் காரணம் இல்லாமல் வந்ததல்ல. ஆனால் இந்தத் தூபிகளைக் கண்டு தமிழர் ஒதுங்கிப் போவதை நான் ஏற்கவில்லை. மணிமேகலையைப் பாடிய மொழிக்குப் பௌத்தம் அந்நியமானதல்ல. அந்தக் காப்பியத்து மணிபல்லவத்தை நயினாதீவோடு இணைத்துப் பார்க்கும் அறிஞர்களும் உண்டு. கந்தரோடையில் வணங்கியவர்கள் என்ன மொழி பேசினார்கள் என்பதை வைத்து இன்றைய சண்டையைத் தீர்க்க முடியாது; அந்த மண்ணில் மணி பொறுக்கி வளர்ந்த பிள்ளைகளை அந்த இடத்துக்கு அந்நியராக்கவும் கூடாது. அக்கா, நீங்கள் பொறுக்கிய மணிகளைக் கோத்து அணிந்தவர்கள் உங்கள் ஊரின் பழைய ஆட்கள். என்னைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினீர்களே, அன்று அந்த இடத்தின் உரிமைக்காரியாக நின்றவர் நீங்கள்தான். உங்களுக்கு என் முதல் நன்றி.

நல்லூரில் எனக்கு வழி சொன்னவர் முத்திரைச் சந்திக்கு அருகில் தேத்தண்ணிக் கடையில் இருந்த பெரியவர். எல்லாரும் கும்பிடும் இன்றைய நல்லூர்க் கோயில் ஒல்லாந்தர் காலத்தில், 1734இல், இரகுநாத மாப்பாண முதலியாரின் முயற்சியால் எழுந்தது. அரசர் காலத்துக் கோயில் நின்ற இடம் வேறு. அங்கே இப்போது கிறிஸ்தவ தேவாலயம். பெரியவர் தன் விரலால் மேசையில் தேத்தண்ணி ஈரத்தைத் தொட்டுப் பழைய தலைநகரை வரைந்தார். வடக்கே சட்டநாதர், கிழக்கே வெயிலுகந்த பிள்ளையார், தெற்கே கைலாயநாதர், மேற்கே வீரமாகாளி அம்மன். நாலு திசைக்கு நாலு காவல், நடுவிலே அரசன். இந்த நாலும் இன்றும் வழிபாட்டில் இருப்பதால், அழிந்துபோன ஒரு நகரின் எல்லையை இன்றைக்கும் சைக்கிளில் சுற்றி வரலாம். நான் சுற்றினேன். யமுனா ஏரியின் படிகளில் இருந்தேன். பகர வடிவில் வெட்டி, கல் பரவிய குளம் அது. யமுனைக்குப் போய்த் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றியதாகச் சொல்வார்கள். நாலு நூற்றாண்டாக அரசு இல்லை, குளத்தின் பெயர் மட்டும் ஊரார் வாயில் மாறாமல் இருக்கிறது.

அந்தப் பெரியவர் சொல்லித்தான் கோட்டைச் சுவரை நான் வேறு கண்ணால் பார்த்தேன். கோட்டையில் கிடைத்த முதலாம் இராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டைப் பேராசிரியர் கா. இந்திரபாலா 1971இல் பதிப்பித்தார். ஒரு கோயிலுக்காகப் பொறித்த எழுத்து ஒரு கோட்டையின் கல்லாக ஆகிவிட்டிருந்தது. போர் ஓய்ந்த பிறகு நடந்த ஆய்வுகளில் சீனத்துப் பீங்கானும் உரோமரோடு வணிகம் நடந்த காலத்து உரூலெற்றட் மட்பாண்டமும் கோட்டை மண்ணுக்கு அடியில் கிடைத்தன. போர்த்துக்கேயர் வருவதற்கு ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே அது துறைமுகம். ஐந்து முனைக் கோட்டையைப் பார்க்க வருகிறவர்கள் ஒல்லாந்தரின் கட்டுமானத்தை வியந்துவிட்டுப் போகிறார்கள். அந்த முருகைக்கற்களில் எவை கருவறைச் சுவரிலிருந்து வந்தவை என்று ஒருதடவை நினைத்துப் பார்க்க வேண்டும்.

நாவலர் வீதியில், மண்டபத்துக்குப் பின்னால் ஒதுங்கியிருக்கும் தொல்பொருள் அருங்காட்சியகத்திலும் ஒருவருக்கு நான் கடன்பட்டிருக்கிறேன். கந்தரோடையின் தலையில்லாத புத்தர் சிலைகளையும் மண்ணுக்குள்ளிருந்து எடுத்த சைவத் திருமேனிகளையும் ஒவ்வொன்றாகக் காட்டி, எது எந்த ஊர் மண் என்று மனப்பாடமாகச் சொன்னார். ஒரு கண்ணாடிப் பெட்டியின் தூசியைத் தன் சட்டைக் கையாலேயே துடைத்தார். ஐயா, நான் ஒருவன்தான் அன்று அங்கே பார்வையாளன். நூறு பேர் வந்திருந்தால் எப்படிச் சொல்லியிருப்பீர்களோ அப்படியேதான் எனக்கும் சொன்னீர்கள்.

பருத்தித்துறையில் எனக்கு வழி சொன்னவர்கள் பள்ளிக்கூடச் சீருடையில் இருந்த இரண்டு பிள்ளைகள். தெருமூடி மடத்தைக் கேட்டேன். "அங்கிள், நீங்கள் அதுக்குள்ளைதான் நிக்கிறியள்" என்று சிரித்தார்கள். வீதியை மூடி மேலே கூரை, இரண்டு பக்கமும் திண்ணை, கல் தூண்கள். நடுவால் சைக்கிளும் ஓட்டோவும் போகின்றன. நடந்து வருகிறவன் இளைப்பாற ஊர் கட்டி வைத்தது. யாழ்ப்பாணத்தில் பழைய வீதியோரங்களில் மடம், கேணி, சுமைதாங்கி, ஆவுரஞ்சிக்கல் என்று இவை ஒன்றாகவே இருக்கும். மனிதனுக்குத் திண்ணை, தலைச்சுமைக்கு ஒரு கல், மாட்டுக்கு முதுகு உரஞ்ச ஒரு கல், எல்லாருக்கும் தண்ணீர். வயிற்றுப் பிள்ளையோடு இறந்துபோன பெண்ணின் நினைவாகச் சுமைதாங்கி நாட்டும் வழக்கமும் இருந்தது. அரசன் கட்டியதைவிட இவை எனக்குப் பெரிதாகப் படுகின்றன. தொல்பொருள் என்றால் கோபுரமும் கல்வெட்டும் என்று எண்ணுகிறோம். காசில்லாமல் வழி நடக்கிறவனுக்காகக் கட்டியவைதான் முதலில் வீதி அகலிப்புக்குப் பலியாகின்றன. உங்கள் ஊரில் ஒரு சுமைதாங்கியோ ஆவுரஞ்சிக்கல்லோ மிச்சம் இருந்தால், தயவுசெய்து பிடுங்க விடாதீர்கள். அந்தத் திண்ணையில் நான் படுத்து எழும்பினேன். அது கட்டப்பட்ட நோக்கத்துக்காகவே அதைப் பயன்படுத்தியதில் எனக்கு மனநிறைவு.

குறிகாட்டுவானில் படகு ஏறினேன். நயினாதீவு நாகபூஷணி அம்மன் கோயிலில் பன்னிரண்டாம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று உண்டு. வெட்டுவித்தவன் பொலநறுவையிலிருந்து ஆண்ட முதலாம் பராக்கிரமபாகு. வெளிநாட்டார் ஊராத்துறையில் வந்திறங்க வேண்டும், அவர்களுக்குப் பாதுகாப்பு அளிக்க வேண்டும் என்கிறது அது. யானையும் குதிரையும் கொண்டுவரும் கப்பல் உடைந்தால் நாலில் ஒரு பங்கு அரசுக்கு, மூன்று பங்கு உடையவனுக்கு. வணிகப் பொருள் கொண்டுவரும் கப்பல் உடைந்தால் பாதி பாதி. சிங்கள நாட்டு அரசன், தமிழில், கடலால் வருகிற அந்நியனைப் பற்றி இப்படி ஓர் ஆணை எழுதி வைத்தான். இந்தக் கல்வெட்டையும் படித்து 1963இல் வெளியிட்டவர் இந்திரபாலாதான். படகில் எனக்குப் பக்கத்தில் இருந்த அம்மா அந்த ஊராத்துறையாகிய ஊர்காவற்றுறையின் திசையைக் கைநீட்டிக் காட்டினார். நானும் வெளிநாட்டுக் கடவுச்சீட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்திருக்கிறவன். அந்த ஆணை எனக்கும் சேர்த்து எழுதியதாக நினைத்தேன்.

நெடுந்தீவைப் பற்றி நிறைய எழுதலாம். இங்கே அதற்கு இடம் போதாது. வெடியரசன் கோட்டை என்று ஊரார் சொல்லும் முருகைக்கல் மேடு பழைய தூபியின் எச்சம் என்று ஆய்வாளர் சொல்கிறார்கள். இரண்டு பெயரையும் அந்தத் தீவு சுமந்துகொண்டிருக்கட்டும். குமுதினிப் படகில் 1985 மே 15 அன்று கொல்லப்பட்டவர்களைப் பற்றிப் படகுக்காரர் சொன்னபோது, பார்க்க வந்த கற்களையெல்லாம் மறந்து கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தோம்.

இனி மண்ணித்தலை. இந்த மடலை எழுத என்னைத் தூண்டியது அந்த இடம்தான்.

மண்ணித்தலைச் சிவன் கோயில் குடாநாட்டுக்குள் இல்லை. யாழ்ப்பாண நகரத்துக்கு எதிர்க்கரையில், பூநகரியிலிருந்து கடலுக்குள் நீளும் மணல் முனையில் இருக்கிறது. 2011இல் சங்குப்பிட்டிப் பாலம் திறந்தபிறகு பஸ்ஸில் பூநகரி வாடியடி வரை போய்விடலாம். அதற்கு அப்பால் கௌதாரிமுனைப் பக்கம் நீண்ட மணல் பாதை. வாடியடியில் விசாரித்தபோது கேட்ட வாடகை என் கையில் இருந்ததைவிட அதிகம். அந்தப் பக்கம் வலை எடுத்துக்கொண்டு போன தம்பி ஒருவர் மோட்டார் சைக்கிளை நிறுத்தி, "ஏறுங்கோ அண்ணை, நான் உங்காலைதான் போறன்" என்றார். அவர் வீடு வந்தும் நிறுத்தவில்லை. மணலில் சில்லு புதைந்த இடங்களில் இருவரும் இறங்கித் தள்ளினோம். இராவணன் மீசைப் புல்லும் தனித்தனிப் பனைகளும் தவிர வேறு நிழல் இல்லை.

பிறகு அது தெரிந்தது. சின்னக் கோயில். கருவறை, இடைகழி, முன்மண்டபம், எல்லாம் முருகைக்கல்லும் சுண்ணாம்பும். மேலே விமானத்தில் மிச்சமிருந்த பகுதி. சோழர் காலத்தது என்று பேராசிரியர் பரமு புஷ்பரட்ணம் கணித்திருக்கிறார். தஞ்சாவூரை மனதில் வைத்துக்கொண்டு பார்க்கிறவருக்கு ஏமாற்றமாக இருக்கும். எனக்கு அப்படி இருக்கவில்லை. கருங்கல் இல்லாத நாட்டில், கடலே ஈன்ற கல்லை எடுத்து, கடற்காற்று ஒவ்வொரு நாளும் உப்போடு வந்து அறையும் முனையில், அளவு தவறாமல் ஒரு சிவாலயத்தை எழுப்பியிருக்கிறார்கள். கல்லுக்குள் சிப்பியும் பவளத்தின் கண்களும் தெரிந்தன. கைவைத்தேன், வெயிலில் சுட்டது. குடாநாட்டில் இருந்த இப்படியான கோயில்களெல்லாம் கோட்டைக்கும் வீதிக்கும் போய்விட்டன. மனிதர் எளிதில் போகாத மணலுக்குள் நின்றதால் இது ஒன்று தன் இடத்திலேயே தங்கிவிட்டது.

தம்பி தன் தாத்தாவை அழைத்து வந்தார். வெற்றுடம்பு, தோளில் துவாய். போரில் இடம்பெயர்ந்து, முகாம் கண்டு, திரும்பி வந்தவர். அந்தப் பெரியவர் சுவரைச் சுற்றி நடந்து, தன் சிறுவயதில் எவ்வளவு உயரம் மணல் ஏறியிருந்தது, எந்தப் பக்கம் சுதை மிச்சமிருந்தது, தோணிக்காரர் கடலிலிருந்து எந்தப் பனையைக் கோயிலுக்கு அடையாளமாக வைத்திருந்தார்கள் என்று சொன்னார். இது எந்தப் புத்தகத்திலும் இல்லை. நான் கொப்பியில் எழுதிக்கொண்டேன். அவர் நான் எழுதி முடிக்கும்வரை பொறுத்து நின்று, பிறகு அடுத்ததைச் சொன்னார். வீட்டுக்குக் கூட்டிப் போய் மீன்குழம்பும் சோறும் தந்தார்கள். பெற்றோலுக்குக் காசு நீட்டினேன். "கோயில் பாக்க வந்தவரிட்டைக் காசு வாங்கிறேல்லை" என்றார் பெரியவர். தம்பி என்னைத் திரும்பவும் வாடியடி வரை கொண்டுவந்து, யாழ்ப்பாணம் பஸ் வரும் வரைக்கும் கூட நின்றார்.

புஷ்பரட்ணத்தின் 'பூநகரி தொல்பொருளாய்வு' 1993இல் வந்தது. அதே ஆண்டு நவம்பரில்தான் பூநகரி இராணுவ முகாம் மீதான பெருஞ்சமர் நடந்தது. தொல்லியலாளர் பொ. இரகுபதியின் 'யாழ்ப்பாணத்தின் ஆதிக் குடியிருப்புகள்' பற்றிய ஆங்கில நூல் 1987இல். அதற்கான களஆய்வு நடந்த நாட்களில்தான் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தது. 97,000 நூல்கள், ஏட்டுச்சுவடிகள். மின்சாரம் இல்லாத, பொருளாதாரத் தடை இருந்த, எந்த நேரமும் இடம்பெயர வேண்டியிருந்த ஆண்டுகளில், இவர்களும் இவர்களின் மாணவர்களும் வயல்களில் நடந்து ஓடு பொறுக்கி, குறித்து, வரைபடம் கீறி வைத்தார்கள். உயிரைக் காப்பதே பெரும்பாடாக இருந்த காலத்தில் ஒரு மண்மேட்டை அளந்து எழுதி வைப்பது எவ்வளவு பெரிய நம்பிக்கை! பாரிஸில் என் அறையில் இருந்துகொண்டு, ஒரு சதமும் கொடுக்காமல், பழைய ஈழத்து நூல்களை நான் வாசிக்க முடிந்தது 2005 முதல் நூல்களை எண்ணிமப்படுத்திவரும் நூலகம் திட்டத்தின் தன்னார்வலர்களால். எரிந்த நூலகத்துக்கு அவர்கள் செய்யும் பதில் அது. முதலியார் இராசநாயகமும் சுவாமி ஞானப்பிரகாசரும் சண்டை பிடித்துக்கொண்டு எழுதிய யாழ்ப்பாணச் சரித்திரத்தை, இரவு வேலை முடிந்து வந்து வாசித்துத்தான் நான் இந்தப் பயணத்துக்குத் தயாரானேன். ஆய்வாளர்களே, தன்னார்வலர்களே, நீங்களும் எனக்கு வழி சொன்னவர்கள்தான். உங்களுக்கும் நன்றி.

சுன்னாகத்து ஐயா, கண்ணாடியைத் துடைத்தபடி நீங்கள் இன்னொன்றும் கேட்டீர்கள்: "உதுகளைப் பாத்துப்போட்டு அங்கை போய் ஆருக்குச் சொல்லப் போறாய்?" அன்று பஸ் வந்துவிட்டது. இப்போது சொல்கிறேன்.

சனிக்கிழமைகளில் எங்கள் பகுதியில் ஒரு தமிழ்ப் பள்ளி நடக்கிறது. ஆசிரியை எனக்கு ஒரு வகுப்பு நேரம் தந்தார். மண்ணித்தலையின் படங்களைச் சுவரில் காட்டினேன். நோத்ர்தாம் எரிந்ததையும் திரும்பக் கட்டியதையும் கண்ணால் கண்டு வளர்ந்த பிள்ளைகள் அவர்கள். எத்தனை பேர் சேர்ந்து கட்டினார்கள், கல்லை எப்படிக் கடலிலிருந்து எடுத்தார்கள், இப்போது ஆர் பார்த்துக்கொள்கிறார்கள் என்று கேட்டார்கள். கடைசிக் கேள்விக்கு உங்களைப் பற்றிச் சொன்னேன். கந்தரோடை அக்காவின் மணிகளைப் பற்றிச் சொன்னபோது ஒரு சின்னப் பெண், தனக்கும் ஒன்று கிடைக்குமா என்றாள். மணி அந்த மண்ணிலேயே இருக்கவேண்டும், நீ போய்ப் பார்க்கலாம் என்றேன்.

வரும் ஓகஸ்ட் விடுமுறையில் அந்த வகுப்பிலிருந்து இரண்டு குடும்பங்கள் ஊருக்கு வருகின்றன. நல்லூர்த் திருவிழா முடிந்ததும் பழைய இடங்களைப் பார்க்க வேண்டுமாம். என்னிடம் வழி கேட்டார்கள். சுன்னாகத்தில் இறங்குங்கள், முத்திரைச் சந்தியில் தேத்தண்ணி குடியுங்கள், வாடியடியில் விசாரியுங்கள், அதற்குப் பிறகு அங்கே நிற்கிறவர்களைக் கேளுங்கள் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். பிள்ளைகளின் தமிழ் கொஞ்சம் தடக்கும். 'முடக்கு' என்றால், 'ஒழுங்கை' என்றால் உடனே பிடிபடாது. அவசரப்படாமல், ஒருக்கால் கையாலும் காட்டிச் சொல்லுங்கோ.


பாரிஸிலிருந்து உங்கள் பஸ்ஸில் வந்தவன்